செல்வி என்பது அவள் பெயர்

உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டை அனுப்பி, "பழைய ஆள் என்ற முறையில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆள் என்றதை மன்னித்துவிட்டேன். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் புத்தகம் படிக்கிறவனுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்.

குறிப்பேட்டைப் படித்தேன். "வெளிநாட்டு ஊழியரைச் சார்ந்திருப்போர் விசா: தகுதிகள்" என்று அரைப் பக்கம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்த பிள்ளை காலக்கெடு தாண்டித் தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரே ஒரு வரி. தகுதியில்லை, வெளியேறி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். துடைத்துவைத்த தட்டு மாதிரி சுத்தமான வாக்கியம். இதை எழுதியவர் அப்படி ஒரு பிள்ளையை நேரில் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். நான் பார்த்திருக்கிறேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு.

எண்பதுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பர்சனல் ஆபீசர். நீங்கள் இப்போது மனிதவளம் என்கிறீர்கள். எங்கள் காலத்தில் மனிதரும் கிடையாது, வளமும் கிடையாது, பர்சனல்தான். கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்தாலும் நான்தான், வெளிநாட்டுக்காரருக்கு போலீஸ் பதிவு என்றாலும் நான்தான். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆங்கிலத்தில் வரைவுக் கடிதம் எழுதுவதில் இந்தப் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம். வேறு யாருக்கும் அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கையுறை அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி எடுக்கும் இயந்திர வரிசையை நிறுவ மலேசியாவிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்திருந்தார். முருகேசன். தமிழர்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். மலேசியக் குடிமகன். இரண்டரை வருட ஒப்பந்தம், வேலை விசா. வந்த ஆறாம் மாதம் ஊரில் அவர் மனைவி இறந்துபோனார். பத்து நாள் போய்வந்தார். வந்த மறுநாளே இயந்திரத்தின் அடியில் படுத்து ஸ்பானர் கேட்டார். பதினான்கு வயது மகளை மனைவியின் தங்கையிடம் விட்டுவந்ததாகச் சொன்னார்.

கொஞ்ச நாளில் அந்தத் தங்கைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவர் அக்கா மகளை அழைத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் ஓசூர் வந்தார். மூன்று மாத விசா. நான்கு நாள் தங்கிவிட்டு, மகளை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் மட்டும் போய்விட்டார்.

மறுநாள் கேன்டீனில் முருகேசன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், நா வந்தப்ப போலீஸ்ல பதிஞ்சீங்கல்ல. பிள்ளைக்கும் பதியணுமா?"

"என்ன வயசு?"

"பதினாலு லா." அவர்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

"பதினாறுக்குக் கீழன்னா பதிவு வேண்டாம்."

"அப்போ பிரச்சினை இல்ல?"

"பதிவுப் பிரச்சினை இல்ல" என்றேன், வடையைப் பிட்டுக்கொண்டே.

ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. இன்றைக்கும் அதில் ஒரு பிழை காட்ட முடியாது. பதிவு வேண்டாம் என்றாலும் விசா முடிகிற நாள் முடிகிற நாள்தான் என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதை நான் அப்போது திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது திறமை இல்லை, சோம்பல். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிய சோம்பல்.

பெண் வந்த ஐந்தாம் மாதக் கடைசியில் முருகேசனின் விசா நீட்டிப்புக்குப் படிவம் நிரப்பும்போது "உடன் வசிக்கும் குடும்பத்தினர்" என்ற கட்டத்தில் பேனா நின்றது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பெண்ணின் விசா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க பிரச்சினை இல்லன்னீங்களே சார்" என்றார் முருகேசன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

சரி, அவளைத் தகப்பனைச் சார்ந்திருக்கும் மைனராகக் கருதி, தாமதத்தை மன்னித்து, விசாவை மாற்றித்தர வேண்டும் என்று ஒரு மனு. என் திறமையெல்லாம் காட்ட இடம் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். இலக்கியமாக வந்தது. அதில்தான் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

பாஸ்போர்ட்டில் அவள் பெயர் "செல்வி ஏ/பி முருகேசன்" என்று இருந்தது. டைப்பிஸ்ட் அம்மா அதை அப்படியே அடித்திருந்தார். அரசாங்கக் கடிதத்தில் நடுவில் ஒரு சாய்கோடு நிற்பது என் கண்ணை உறுத்தியது. பச்சை மையால் சாய்கோட்டை அடித்துவிட்டு இரண்டு புள்ளி வைத்தேன். செல்வி. ஏ.பி. முருகேசன் ஆயிற்று. கையோடு கையாகச் செல்விக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்துவிட்டேன் போலிருக்கிறது, திருமதிக்கும் திருவுக்கும் வைத்துப் பழகிய கை.

"பாஸ்போர்ட்ல கோடு இருக்குதுங்க சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"தெரியும்மா. நான் சொன்ன மாதிரி அடிங்க."

அவர் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்போது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் எல்லாவற்றுக்கும் தருமபுரிதான். பதிலில் இருந்தது இது: மனுதாரரான ஏ.பி. முருகேசன் என்ற மைனர் பெண், பெ. முருகேசன் என்பவரின் மகள் என்று நிரூபிக்கப்படவில்லை. சார்ந்திருப்போர் என்ற தகுதி இல்லை. கிடைத்த ஏழு நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

மூன்று முறை படித்தேன். புரிந்தபோது காது சுட்டது. அரசு வழக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணின் பெயருக்கு முன்னால் செல்வி என்று போடுவோம் இல்லையா, அப்படி எடுத்துக்கொண்டார்கள். ஏ, பி இரண்டும் இன்ஷியல். ஆக, அந்தப் பெண்ணின் பெயர் முருகேசன். அவள் அப்பா பெயர் ஏதோ ஓர் ஏ-யில் ஆரம்பிக்க வேண்டும். இங்கே அப்பா என்று சொல்லிக்கொண்டு நிற்பவர் பெயரும் முருகேசன். எனவே அவர் அப்பா இல்லை.

பொது மேலாளரிடம் ஓடினேன். பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்துபோகிற மனிதர். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். எதைக் கொண்டுபோனாலும் "நோடோணா" என்பார், பார்ப்போம் என்று அர்த்தம். பார்க்க மாட்டார். அன்றைக்குப் பார்த்தார்.

"ஒரு டிக்கெட் போட்டு அனுப்பிடுங்க. சின்னப் பொண்ணுதானே."

"அங்க யாரும் இல்ல சார். அம்மா செத்துட்டாங்க. சித்தி சிங்கப்பூர்ல."

"யாராவது இருப்பாங்க."

"அப்பா கூடப் போய் விட்டுட்டு வரட்டுமா?"

"டிரையல் ரன் இருக்கு. அவரு நகரக்கூடாது. யாராவது இருப்பாங்க."

இந்த "யாராவது" என்ற சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உலகத்தில் கைவிடப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் அந்த யாராவதுதான் வளர்க்கிறார் போலிருக்கிறது. அவர் முகவரி மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

"தப்பு நம்ம லெட்டர்ல சார். திருத்தி எழுதிக் கொடுத்துடறேன்."

"கம்பெனி லெட்டர்ஹெட்ல தப்புன்னு எழுதறதா? நாளைக்கி நம்ம எல்லா லெட்டரையும் தோண்டுவாங்க. டைப்பிஸ்ட் மிஸ்டேக்குன்னு வாயால சொல்லிடுங்க. எழுதக் கூடாது."

ஐந்தாம் நாள் காலை ஜீப்பில் கிளம்பினோம். முருகேசன், அவர் மகள், நான், ஓட்டுநர் மாதேஷ். ராயக்கோட்டை வழி. சானமாவுக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ராகிக் கொல்லையில் யானைக் கூட்டம், அது ரோட்டைத் தாண்டும்வரை வனத்துறை ஆட்கள் யாரையும் விடவில்லை.

"கர்நாடகா யானைங்க சார்" என்றான் மாதேஷ். "வந்து மாசக்கணக்காவுது. தின்னுக்கிட்டு இங்கயேதான் கெடக்குதுங்க."

ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பதினாறு ஆகல போல" என்றாள்.

முருகேசன் சிரிக்க முயன்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாவட்ட அலுவலகத்தில் வெளிநாட்டவர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கியிருந்த கண்காணிப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கோப்பைப் பிரித்தார். பெண்ணைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார்.

"பாப்பா, உம் பேரு என்னா?"

"செல்வி."

"அது கண்ணாலம் ஆவாத பொண்ணுங்களுக்கு மரியாதைக்குப் போடறது. உம் பேரச் சொல்லு."

"செல்விதான் சார்."

"சரி. அப்பா பேரு?"

"முருகேசன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார். தம் பேரையே அப்பன் பேருன்றா. சொல்லிக் குடுத்தவங்க சரியா சொல்லிக் குடுக்கல."

வாசலில் நின்ற மாதேஷுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, பொட்டப் புள்ளைக்கு யாராச்சும் முருகேசன்னு பேரு வெப்பாங்களா?"

"ஏன்யா வெக்கமாட்டாங்க? எங்க ஊர்ல ஒரு அம்மா பேரு ராஜா. அஞ்சு புள்ள பெத்தவங்க."

முருகேசன் நாற்காலி நுனிக்கு வந்தார். "சார், நா சொல்றேன். எங்க நாட்டுல ஏ/பி-ன்னா மகள்னு அர்த்தம். மலாய்ல அனாக் பெரம்புவான். செல்வி, மகள், முருகேசன். அவ்ளோதான் சார். பேருலயே இருக்கு."

"அப்பிடின்னா இவரு ஏன் புள்ளி வெச்சாரு?"

கண்காணிப்பாளர் என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் இலக்கியம்.

"பாஸ்போர்ட்டு எங்கியோ வெளிநாட்டுல அடிச்சது. அதுல தப்பு இருக்கலாம். இது நம்மூரு கம்பெனி. ஆபீசர் பாத்துக் கையெழுத்துப் போட்டது. கோடு வேணாம், புள்ளிதான்னு தெரிஞ்சே வெச்சிருக்காரு. படிச்சவரு சும்மா வெப்பாரா?"

கவனியுங்கள். ஒரு நாட்டு அரசாங்கம் முத்திரை குத்தி, இவள் முருகேசனின் மகள் என்று அவள் பெயருக்குள்ளேயே எழுதி அனுப்பியிருக்கிறது. இதைவிடச் சான்று உலகத்தில் எங்கே கிடைக்கும்? அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வடை தின்கிற ஒரு பர்சனல் ஆபீசர் அழகுக்காக வைத்த மூன்று புள்ளியை நம்பி ஒரு பெண்ணுக்கு அப்பா இல்லை என்று ஓர் அலுவலகமே முடிவு கட்டியிருக்கிறது. யாரைக் கேட்பது? கேட்டால் விரல் என்னைத்தான் காட்டும். கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போன கோபம் அது. அதனால்தான் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

அந்தப் பெண் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "அப்போ நா யாரோட பிள்ளை சார்?" என்று கேட்டாள். சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"அதத்தாம்மா கண்டுபுடிக்கணும்" என்றார் அவர். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார். அதுதான் கொடுமை.

பொது மேலாளர் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். "சார், அது டைப்பிஸ்ட்..."

"டைப்பிஸ்ட் தப்பா? அவங்களக் கூட்டியாங்க. வாக்குமூலம் எழுதி வாங்கணும். ஆபீசருக்கு வெச்சி ஆர்டர் போடணும். ஒரு பத்து நாளாவும்."

எங்களிடம் இருந்தது இரண்டு நாள். அந்த அம்மா தற்காலிக ஊழியர். கோடு இருக்கிறது என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள். அவரைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்து, செய்யாத தப்புக்குக் கையெழுத்து வாங்குவதா? நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு நிமிடத்திலும் முதலில் வந்தது என் பதவி உயர்வுதான். இரண்டாவதாக வந்தது, பக்கத்தில் நிற்கிற பெண் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது.

"ஒரு தாள் கொடுங்க சார்" என்றேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக அலங்காரம் இல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன், தமிழில். 'பாஸ்போர்ட்டில் இருந்த சாய்கோட்டை நான் என் கையால் புள்ளியாக்கினேன். டைப்பிஸ்ட் சுட்டிக்காட்டியும் கேட்கவில்லை. அவை இன்ஷியல் அல்ல. அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. முருகேசன் அவள் தகப்பன். விசா முடிவதைத் தகப்பனுக்குச் சொல்லாததும் நானே.' பெயர், பதவி, கையெழுத்து, தேதி.

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். கோப்பில் வைத்துக் குத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார்.

"இத மொதல்லயே குடுத்திருக்கலாமில்ல சார். எனக்கு மட்டும் தெரியாதா, அவ மூஞ்சியப் பாத்தாலே அப்பன உரிச்சி வெச்சிருக்குது. என்னாத்தப் புடிச்சிக்கிட்டு நான் மாத்தி எழுதறது? நாளைக்கி ஆடிட்டுல புள்ளி எங்கடான்னு கேட்டா எம் மூஞ்சியக் காட்டவா?"

அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவரின் பயம். அவரைக் கெட்டவராக்கிவிட்டால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். அவர் கேட்டதெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு தாள். அந்தத் தாளை எழுத வேண்டிய ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இப்ப முடிவு எப்ப சார் கிடைக்கும்?" என்று கேட்டார் முருகேசன்.

கண்காணிப்பாளர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தம்பி, முடிவு நான் எடுக்கறது இல்ல. மனு மெட்ராஸுக்குப் போவும். அங்கிருந்து டெல்லிக்கு. டூரிஸ்டா வந்து நாள் தாண்டுன கேசு. சீக்கிரம் முடிவு சொல்லுங்கன்னு யாரும் எழுதிடாதீங்க. எழுதுனா சொல்லிடுவாங்க."

"அப்போ?"

"மனு நிலுவைல இருக்குதுன்னு சீட்டு ஒண்ணு தர்றேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து புதுப்பிச்சிக்குங்க. சீட்டு இருக்கற மட்டும் யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது. அப்பா கூட இருக்கட்டும்."

வெளியேறச் சொன்ன உத்தரவு அன்று மாலையே நிறுத்திவைக்கப்பட்டது. உள்ளங்கை அளவு ரசீது, ஊதா முத்திரை. அதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று நான்கு பேரும் மாறிமாறிப் பார்த்தோம். மாதேஷுக்கு ஆங்கிலம் தெரியாது, அவனும் பார்த்தான்.

எழுத்தில் தப்பை ஒப்புக்கொண்டதற்கு மறுவாரம் பொது மேலாளர் எனக்கு மெமோ கொடுத்தார். மெமோவில் மூன்று எழுத்துப்பிழை இருந்தது. திருத்தத் துணிவில்லாமல் அப்படியே வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்.

பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தருமபுரி. சுற்றுலா விசாவில் பள்ளிக்கூடத்தில் சேர முடியாது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தலைமைச் சிஸ்டர், "பேரு எழுத மாட்டேன், பெஞ்சுல இடம் இருக்கு" என்றார். வருகைப் பதிவேட்டில் இல்லாத பெண் அந்த வருடம் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். முருகேசன் இட்லி சுடக் கற்றுக்கொண்டார். அதைச் சாப்பிட்டவன் என்ற முறையில், அவர் இயந்திரத்தோடு நின்றிருக்கலாம் என்பது என் கருத்து. அந்தப் பெண், அம்மா செத்ததைப் பற்றி முதல் முறையாகப் பேசி அழுதது அந்த வீட்டில்தான் என்று பின்னால் முருகேசன் ஒருநாள் சொன்னார். பள்ளிக்கூடம், பரிசு, இட்லி எல்லாம் இருக்கட்டும். அந்த அழுகைக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரே, அதற்காகத்தான் அந்தச் சீட்டு.

பதினான்கு மாதம் ஏழு சீட்டு. ஒப்பந்தம் முடிந்தது, அப்பாவும் மகளும் சேர்ந்தே ஊருக்குப் புறப்பட்டார்கள். சீட்டுகளையெல்லாம் வரிசையாகக் குத்தி, கண்காணிப்பாளர் தந்த வெளியேறும் அனுமதியோடு கையில் கொடுத்தேன். விமான நிலையத்தில் அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்களாம்.

அவர்கள் போன மூன்றாம் வாரம் டெல்லி முடிவு வந்துசேர்ந்தது. இரண்டு பக்கம். சுற்றுலா விசாவில் வந்து காலம் கடந்து தங்கியதால் மேற்படி மைனருக்குச் சார்ந்திருப்போர் விசா பெறத் தகுதியில்லை என்றும், ஏழு நாளில் வெளியேற வேண்டும் என்றும் இருந்தது. மனைவியை இழந்த தகப்பனைப் பற்றியோ, தாயை இழந்த பெண்ணைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. உங்கள் குறிப்பேட்டில் இருக்கிற அதே வரி. அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டிருந்தால் உங்கள் கைக்கு வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

பொது மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதங்களுக்கு நடுவில் அதையும் வைத்தேன். அவருக்குப் படிக்கப் பொறுமை இல்லை.

"ஓ, அந்த மலேசியாக்காரர் பொண்ணு விஷயமா. இன்னுமா ஓடுது? கடைசியில அதுக்கு எலிஜிபிலிட்டி இருந்துதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"இருந்தா சார்" என்றேன்.

'இருந்தது' என்பதில் நான் ஏதோ ஓர் எழுத்தை முழுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, "குட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

நான் எதையும் முழுங்கவில்லை. பதினான்கு மாதம், அவள் அப்பாவோடு இருந்தாள்.